எண்பது வீதக் கவலை

கல்விக் கந்தோரிலிருந்து வந்த சுற்றுநிருபத்தை முதல்தரம் வாசித்தபோது, தட்டச்சடித்தவர் எங்கேயோ ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டார் என்றுதான் முனவ்வறா டீச்சர் நினைத்தாள். அதில் இப்படி இருந்தது: "வாரத் திட்டம் அங்கீகரிக்கப்படாதவிடத்து, ஆசிரியர் எக்காரணங் கொண்டும் கற்பித்தலில் ஈடுபடலாகாது."

அவள் அதை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனாள். மீராமுகைதீன் அதிபர் பென்சனுக்குப் பக்கத்தில் நின்றவர். கந்தோரிலிருந்து வரும் எதையும் எழுந்து நின்றுதான் பிரிப்பார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, மூன்று பேர் ஒப்பம் வைத்திருக்கிறார்கள், மூன்று பேரும் ஒரே பிழையை விட ஏலாது என்று அவர் சொன்னார்.

1982ஆம் ஆண்டின் தொடக்கம் அது. கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக இருந்த அந்த மகா வித்தியாலயத்தில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. தொடக்க நாளில் தோரணம் கட்டி, பொல்லடி ஆட்டம் வைத்து, ஜீப்பில் வந்தவர்கள் நாடா வெட்டினார்கள். நாடா வெட்டிய அந்த அறையில் இப்போது ஐந்து பெண் பிள்ளைகள் படித்தார்கள். முதல் வருடத்தில் கவிதைகளை முடித்திருந்தார்கள்; மிச்சமிருந்த நாடகத்துக்குப் புத்தகம் ஐந்து பேருக்கும் ஒன்றே ஒன்றுதான். நாடா வெட்டியவர்கள் மிச்சப் புத்தகங்களைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐந்து பேரில் சுஹறாவுக்குத்தான் அவசரம் அதிகம். அவளுடைய வாப்பா மஜீட், பசாரில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். ஆகஸ்டில் வரும் சோதினையில் பாஸ் பண்ணினால் கம்பஸில் பட்டம் படிக்க விடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பாஸ் பண்ணாவிட்டால் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசியிருந்தது. நல்ல மனுசன், இரண்டு வாக்கையும் காப்பாற்றக் கூடியவர். அதனால்தான் சுஹறாவுக்குப் பயம்.

முனவ்வறா அன்றைக்கே உட்கார்ந்து வாரத் திட்டம் எழுதினாள். திங்கள், நாடகத்தின் முதல் அங்கத்தை வாசித்தல். செவ்வாய், விளக்குக்காரனின் மகள் சாகும் காட்சியை வாசித்து அதைப் பற்றிக் கதைத்தல். புதன், விளக்குக்காரன் செய்தது சரியா என்று கட்டுரை எழுதுதல். வியாழன், எழுதியதைத் திருத்தித் திருப்பி எழுதுதல்.

நாடகம் கடலோரத்துக் கதை. வெளிச்சவீட்டு விளக்குக்காரன் ஒருவன், புயலடிக்கும் இரவில், மகளின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இருப்பதற்காக விளக்கை அணையவிட்டு விடுகிறான். அந்த இருட்டில் ஒரு கப்பல் பாறையில் மோதுகிறது. நான்கு வருடத்துக்கு முன் வந்த சூறாவளியில் தென்னையெல்லாம் சரிந்து கிடந்ததைக் கண்ட பிள்ளைகளுக்கு அந்தக் கதையை விளங்கப்படுத்த ஒன்றும் தேவைப்படாது என்று அவள் நம்பினாள்.

அதிபர் திட்டத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன புள்ள இது? கடைக்குச் சாமான் வாங்கக் குடுத்துவிடுற துண்டு மாதிரி இரிக்கி."

சுற்றுநிருபத்தின்படி ஒவ்வொரு நோக்கமும் கண்ணால் காணக்கூடியதாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வாசித்தல் என்றால் வெளியில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கதைத்தல் என்றால் எத்தனை சொல்? அதிபர் சுற்றுநிருபத்தை மடித்து அவளிடமே நீட்டினார். அவளைக் கந்தோருக்குப் போய் ஆங்கிலப் பாட ஆலோசகர் கனகரெத்தினத்தைக் காணச் சொன்னார்.

கனகரெத்தினம் பெரியநீலாவணைக்காரர். ஒரு காலத்தில் மட்டக்களப்பில் நல்ல ஆங்கில வாத்தியார் என்று பேர் எடுத்தவர். கந்தோரில் மேசை கிடைத்த பிறகு வகுப்புக்குப் போவதில்லை. முனவ்வறாவின் தாளை வாசித்தபோது அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. அந்த நாடகத்தை இளமையில் தானும் படித்ததாகவும் அந்த மகள் சாகும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போனதாகவும் சொன்னார். பிறகு பேனையைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமைப் பாடத்தால் பிள்ளைகளுக்கு என்ன நடக்க வேண்டும் என்று அவர் கேட்டார். கவலை வரும் என்று அவள் சொன்னாள்.

"நல்லது. அப்ப 'கவலைப்படுவர்' எண்டு எழுதுங்க. எத்தின வீதம்?"

அவளுக்கு விளங்கவில்லை. மாணவரில் எத்தனை வீதத்தினர் கவலைப்படுவர் என்று எழுதாவிட்டால் திட்டம் திரும்பி வந்துவிடும் என்று அவர் விளக்கினார்.

"எண்பது போடுங்க. நூறு எண்டா மேல நம்பமாட்டாங்க. அறுபது எண்டா விளக்கம் கேப்பாங்க."

கவலை வரும் நேரத்தையும் போட வேண்டியிருந்தது. பாடவேளை முடிய ஐந்து நிமிடத்துக்கு முன் என்று போட்டார்கள். முந்தி வந்துவிட்டால் மிச்ச நேரம் வீணாகும். அதன் பிறகு கவலைப்படாத இருபது வீதத்துக்குப் பரிகாரக் கற்பித்தல் எழுத வேண்டும். ஐந்து பேரில் இருபது வீதம் என்றால் ஒரு ஆள். அந்த ஆளின் பெயரை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும் என்று ஒரு நிரல் இருந்தது.

முனவ்வறா கன நேரம் யோசித்துவிட்டு ஜெமீலாவின் பெயரை எழுதினாள். ஜெமீலா எதையும் சிரிப்பாக எடுக்கிற பிள்ளை. கோபிக்கமாட்டாள்.

ஒரு அரைத்தாளில் இருந்த வாரம் இப்போது பதினொரு தாளாகி, மூன்று பிரதியாகிக் கந்தோருக்குப் போனது. விதிப்படி ஒரு பிரதியை வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். ஜெமீலா அதை வாசித்தாள்.

"நான் மட்டும் ஏன் டீச்சர் கவலப்படாத ஆள்? என்ட ராத்தா மௌத்தாகினதும் ஒங்களுக்குத் தெரியும்தானே?"

சொல்லிவிட்டு, செத்துப்போன அக்காவை நினைத்து மேசையில் தலையை வைத்து அழுதாள். முனவ்வறா பக்கத்தில் போய் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வகுப்பில் நூறு வீதத்தினரும் கவலைப்பட்டார்கள். ஆனால் அது திங்கட்கிழமை. திட்டம் இன்னும் அங்கீகரிக்கப்படவும் இல்லை.

அங்கீகாரம் வந்தபோது அந்த வாரம் போய்விட்டிருந்தது. போன வாரத்துத் திட்டத்தை இந்த வாரம் நடத்தலாமா என்று அதிபர் எழுதிக் கேட்டார். முடியாது, இந்த வாரத்துக்கு இந்த வாரத்துத் திட்டம் வேண்டும் என்று பதில் வந்தது. அப்படியானால் போன வாரம் என்ன ஆனது என்று மீண்டும் கேட்டார். அங்கீகரிக்கப்பட்ட திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று பதில் வந்தது. அதை வாசித்து அதிபருக்குப் பெரிய ஆறுதல். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் அங்கீகாரம் இப்படிப் பிந்தியே வர, அந்த ஐந்து பிள்ளைகளும் ஏப்ரலுக்குள் நாடகத்தை முழுதாகப் படித்து முடித்துவிட்டார்கள் என்று கந்தோரில் பதிவாகியது. வகுப்பில் அவர்கள் முதலாம் பக்கத்தைத் தாண்டவில்லை. இலக்கியப் பாடவேளை வந்தால் கையை மேசையில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். முனவ்வறா கதிரையில் இருந்து அடுத்த வாரத்துத் திட்டத்தை எழுதுவாள். ஒருநாள் சுஹறா புத்தகத்தைத் திறந்தபோது அதிபர் ஓடிவந்து மூடச் சொன்னார். வாசித்தால் கற்றலாகிவிடும், கற்றல் நடந்தால் கற்பித்தல் நடந்திருக்க வேண்டும் என்று கேள்வி வரும் என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அன்று பின்னேரம் ஐந்து பிள்ளைகளுக்கும் தன் காசில் பனிஸ் வாங்கிக் கொடுத்தார்.

முனவ்வறாவுக்கு நித்திரை கெட்டது. மஜீட் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று மரியாதையாகக் கேட்டார். திட்டத்தின்படி நன்றாகப் படிக்கிறாள் என்று அவள் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் சொன்ன பிறகு அவரைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தாள்.

மே மாதத்தில் இன்னொரு செய்தி வந்தது. முனவ்வறாவின் திட்டம் மாதிரித் திட்டமாகத் தெரிவாகியிருந்தது. அதை ரோனியோ போட்டு எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலமே இல்லாத பள்ளிக்கூடங்களில் விவசாய ஆசிரியர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை யாருடைய மகள் சாக வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்களாம். கல்வி அதிகாரி அபுல் ஹஸன், மாதிரிப் பாடத்தை நேரில் பார்ப்பதற்காக மற்ற அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு வருவதாக அறிவித்தார்.

வந்தவர்களுக்கு அந்தச் சின்ன அறையில் இடம் போதவில்லை. அதனால் பிள்ளைகளின் கதிரைகளை அவர்களுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளை அதிபரின் அறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்ற அனுப்பினார்கள். வட்டிலப்பம் வெட்டுகிற வேலை சுஹறாவுக்கு வந்தது. முனவ்வறா பாடத்தை நிறுத்திவிடலாமா என்று அதிபரைக் கேட்டாள். மாணவர் வரவு திட்டத்தில் சொல்லப்படவில்லை, ஆகவே தொடங்கலாம் என்று அபுல் ஹஸன் குறுக்கிட்டுச் சொன்னார்.

அவள் அதிகாரிகளுக்கு மகள் சாகும் காட்சியை வாசித்தாள். மாதக்கணக்கில் வாய்க்குள்ளேயே கிடந்த வரிகள் அவை. வாசிக்க வாசிக்க இடத்தை மறந்துவிட்டாள். விளக்குக்காரன் மகளின் கையை விட்டுவிட்டு எழும்பப் பார்த்து, எழும்பாமல் இருந்துவிடுகிற இடத்தில் அவள் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அப்போது அபுல் ஹஸன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குறித்த நேரம் வந்திருந்தது. அவர் லேஞ்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். அதைக் கண்டு மற்றவர்களும் ஒற்றினார்கள். பின்வரிசையில் ஒருவர் நித்திரையாகியிருந்தார். அவரை இருபது வீதத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கணக்குச் சரியாக வந்தது. கனகரெத்தினம் மட்டும் லேஞ்சியை எடுக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அபுல் ஹஸன் எழுந்து பேசினார்.

"நானும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவன்தான். அந்தக் காலத்தில் திட்டம் இல்லை. மனம் போன போக்கில் படிப்பித்தோம். அதனால் என்ன நடந்தது? என்னிடம் படித்தவர்களில் ஒருவன் டாக்டராகப் போனான், ஒருவன் இஞ்சினியராகப் போனான், ஒருவன் இலண்டனுக்கே போய்விட்டான். ஒருவரும் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. அந்தக் குழப்பம் இனி வரக்கூடாது. இன்றைக்கு நான் பெருமையோடு சொல்கிறேன், இந்தப் பகுதியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த மணிக்கு எந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்கு நான் என் கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. இந்தப் பாடசாலையை நான் இன்றைக்குத்தான் முதல்தரம் பார்க்கிறேன். ஆனால் ஒரு குறையும் காணவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டின சத்தத்தில் நித்திரையாகியிருந்தவரும் எழும்பித் தட்டினார். அதிபரின் அறைப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, பாடத்தில் என்ன நடந்தது என்று கடைசிவரை தெரியாது.

ஜூனில் நோன்பு வந்தது. முஸ்லிம் பள்ளிக்கூடங்கள் வழக்கம்போல ஒரு மாதம் பூட்டின. பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் சோதினை. முனவ்வறா ஒரு முடிவுக்கு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. ஜெமீலாவின் வீட்டில் முன் விறாந்தை பெரிது. அங்கே ஐந்து பேரையும் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வரச் சொன்னாள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபடியால் திட்டம் அனுப்ப வழியில்லை. விடுமுறை நாட்களுக்குத் திட்டம் ஏற்கப்படமாட்டாது.

அந்த மாதம் அவர்களுக்குப் படிப்பித்ததைப் போல அவள் வாழ்க்கையில் யாருக்கும் படிப்பித்ததில்லை. பசியும் களைப்புமாகப் பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்து ஒரே புத்தகத்தைக் கைமாற்றி வாசித்தார்கள். விளக்குக்காரன் குற்றவாளியா என்று சண்டை பிடித்தார்கள். மகள் செத்த பிறகும் அவன் ஏன் போய் விளக்கைக் கொளுத்தவில்லை என்று ஜெமீலா கேட்டாள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த நாள் சுஹறா அதை ஒரு கட்டுரையாக எழுதிக்கொண்டு வந்தாள். முனவ்வறா சிவப்புப் பேனையை எடுத்துவிட்டு, ஒரு இடத்திலும் கீறாமல் மூடிவைத்தாள்.

கந்தோருக்குச் செய்தி எப்படிப் போனது என்று தெரியாது. நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒரு பின்னேரம் விசாரணை என்று அழைப்பு வந்தது. குற்றம், திட்டமின்றிக் கற்பித்தல். அபுல் ஹஸன் தலைமை, பக்கத்தில் கனகரெத்தினம். அதிபரும் வந்து ஓரத்துக் கதிரையில் இருந்தார். சாட்சியாகச் சுஹறாவை வரச் சொல்லியிருந்தார்கள்.

வாசலில் வைத்து முனவ்வறா சுஹறாவிடம், கேட்பதற்கு உள்ளதைச் சொல் என்று மட்டும் சொன்னாள். ஆனால் அதற்கு முன்பே அதிபர் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொன்னால் டீச்சருக்கு வேலை போய்விடும் என்று கண் கலங்கச் சொல்லியிருந்தார்.

நோன்பு மாதத்தில் இந்த டீச்சர் உனக்கு ஏதும் படிப்பித்தாவா என்று அபுல் ஹஸன் கேட்டார். சுஹறா தாவணியின் நுனியை விரலில் சுற்றினாள்.

"இல்ல சேர். எங்களுக்கு டீச்சர் ஒண்டும் படிப்பிக்கல்ல."

"நோன்புக்கு முதல்?"

"அப்பயும் ஒண்டும் படிப்பிக்கல்ல சேர்."

அபுல் ஹஸனின் முகம் மலர்ந்தது. விதியை மீறாத ஆசிரியை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். இப்படிப்பட்ட கட்டுப்பாடு இந்தக் காலத்தில் அபூர்வம் என்றும், மற்ற ஆசிரியர்களுக்கு எடுத்துக்காட்டாகப் பாராட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அதிபர் மெல்ல அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

முனவ்வறா எழுந்தாள். பேசாமல் இருந்தால் வீட்டுக்குப் போய் நோன்பு திறக்கலாம் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் படிப்பிச்சன்," என்றாள். "நாடகம் முழுக்கப் படிப்பிச்சன். எழுதவும் படிப்பிச்சன். இந்தப் புள்ள எனக்காகப் பொய் சொல்லுது."

அபுல் ஹஸன் பதிவைப் புரட்டினார். பதிவில் அப்படி ஒன்றும் இல்லை, சாட்சியும் மறுக்கிறது, ஆதாரம் இல்லாமல் தான் படிப்பித்ததாக ஒரு ஆசிரியர் பெருமை பேசுவது முறையல்ல என்று அபுல் ஹஸன் கண்டித்தார். வேண்டுமானால் பிள்ளையிடம் நாடகத்தைக் கேட்டுப் பாருங்கள் என்றாள் முனவ்வறா. அப்போதுதான் கனகரெத்தினம் வாயைத் திறந்தார். அவர் சுஹறாவைப் பார்த்து ஆங்கிலத்தில், விளக்குக்காரன் கடைசியில் ஏன் போய் விளக்கைக் கொளுத்தவில்லை என்று கேட்டார்.

சுஹறா டீச்சரைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். அந்த விளக்கு மகளுக்காக அணைந்தது, அவள் செத்த பிறகு திரும்பக் கொளுத்தினால் அவளுக்காக அணையவிட்டது வெறும் கவனக்குறைவாகிவிடும், அதனால்தான் அவன் கொளுத்தவில்லை, ஆனால் கப்பலில் இருந்தவர்களுக்கும் மகள்மார் இருந்தார்கள், அதை அவன் மறந்ததை என்னால் மன்னிக்க ஏலாது என்றாள். சில இடங்களில் இலக்கணம் தவறியது. கனகரெத்தினம் திருத்தவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அபுல் ஹஸனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக விளங்காது. பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"நாடகத்தைப் படிச்சிரிக்கி சேர்," என்றார் கனகரெத்தினம். "நல்லாப் படிச்சிரிக்கி."

அப்படியானால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றார் அபுல் ஹஸன்.

பெருநாள் முடிந்த கையோடு முனவ்வறாவுக்கு இடமாற்றம் வந்தது. நாவிதன்வெளிப் பக்கம், வயலுக்கு நடுவில், ஐந்தாம் வகுப்புவரை உள்ள ஒரு பள்ளிக்கூடம். கனகரெத்தினம் தீர்ப்பில் ஒப்பம் வைத்தார். அதன் பிறகு மருத்துவ லீவு போட்டவர் திரும்பக் கந்தோருக்கு வரவில்லை.

பிள்ளைகள் சோதினை எழுதினார்கள். சுஹறாவும் ஜெமீலாவும் பாஸ். மற்ற மூன்று பேரும் தவறினார்கள். நாடகத்தைப் படிக்கக் கிடைத்த ஒரு மாதம் அவர்களுக்குப் போதவில்லை. மூன்று பேரில் இரண்டு பேருக்கு அந்த வருடமே கலியாணம் நடந்தது. பாஸ் பண்ணிய இரண்டு பேரின் பெயரையும் வாரத் திட்டத்தின் வெற்றி என்று கந்தோரின் ஆண்டறிக்கையில் போட்டார்கள். டீச்சர் இல்லாதபடியால் அடுத்த வருடம் வகுப்பை மூடிவிட்டார்கள். அந்த வருடம் ஆங்கில இலக்கியத்தில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் தவறவில்லை என்று அபுல் ஹஸன் கூட்டமொன்றில் பெருமையாகச் சொன்னாராம்.

மஜீட் வாக்கைக் காப்பாற்றினார். கம்பஸுக்குப் போவதற்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு நாவிதன்வெளிக்கு வந்தார். வயலில் வேளாண்மை பச்சையாக நின்ற காலம். அவர் வரம்பில் நின்று அந்தப் பள்ளிக்கூடத்து அதிபரோடு கதைத்துக்கொண்டிருக்க, சுஹறா வகுப்புக்குள் வந்தாள். சின்னப் பிள்ளைகள் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"அண்டைக்கு நான் பொய் சொன்னதுக்கு என்னில கோவமா டீச்சர்?" என்று கேட்டாள்.

முனவ்வறா ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒன்னில எனக்கென்ன கோவம் மகள். நீ சொன்னது பொய்யெண்டு ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு டீச்சர் மாசக்கணக்கா ஒண்டுமே படிப்பிக்கல்ல எண்டு சொன்ன உடனே அந்த மனுசன் சந்தோசப்பட்டாரே. அதத்தான் எனக்கு இன்னும் மறக்க ஏலாமக் கிடக்கு."

வெளியே மஜீட் பஸ் வருகிறது என்று கூப்பிட்டார். சுஹறா ஓடிப் போனாள். முனவ்வறா அடுத்த பிள்ளையின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.